மாட்டாஸ்பத்திரியில் மனுஷ ஊசி

சென்ற திங்கட்கிழமை காலை எங்கள் திருவள்ளூர் மாட்டாஸ்பத்திரியில் ஒரு விழா நடந்தது. மாலை கிடையாது, மைக் கிடையாது, மந்திரி கிடையாது. கலந்துகொண்டவர்கள் ஒரு கன்றுக்குட்டி, ஒரு கால்நடை டாக்டர், ஒரு லேடி டாக்டர், ஒரு பால்காரர், அப்புறம் நான். பால்காரர் பெஞ்சில் மல்லாந்து படுத்து வேட்டியைத் தளர்த்தினார். லேடி டாக்டர் அவர் வயிற்றில் ஊசி போட்டார். பதினான்காவது ஊசி. கடைசி ஊசி.

பக்கத்தில் வண்டி மாட்டுக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னா சாரு, இங்க மனுசனுக்கும் ஊசி போடறாங்களா?"

போடுகிறார்கள். ஏன் போடுகிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை. அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படுகிற மாதிரியான பங்கு இல்லை... இந்தப் பக்கத்தில் இத்தனை நாளாக ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் கிண்டல் செய்துவிட்டு, என் முறை வரும்போது மட்டும் நழுவினால் நியாயமா?

எங்கள் பால்காரர் எத்திராஜு. பால்காரர் என்றால் செம்பில் பால் ஊற்றிவிட்டுப் போகிறவர் இல்லை. மாட்டையே ஓட்டிக்கொண்டு வருவார். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மாட்டை நிறுத்தி, கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டு, நம் கண் முன்னாலேயே நம் பாத்திரத்தில் கறந்து கொடுப்பார். "தண்ணி கலந்தியா?" என்ற கேள்விக்கே இடமில்லை. மாட்டின் பெயர் லட்சுமி. செவலை நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பது எங்களைவிட லட்சுமிக்கு நன்றாகத் தெரியும்.

அது மாம்பழக் காலம். தெருவில் எல்லார் வீட்டுத் தோலும் கொட்டையும் லட்சுமிக்குத்தான். என் மனைவியும் ஒரு முறத்தில் சேர்த்து வைத்து வாசலில் கொட்டுவாள்.

அந்த விழாவுக்கு இரண்டு வாரத்துக்கு முந்திய திங்கட்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். எத்திராஜு வாசலில் நின்று குரல் கொடுத்தார். குரலில் பதற்றம்.

"சாரு... கொஞ்சம் வந்து பாருங்க சாரு. நேத்துலேர்ந்து எதுவும் துன்ன மாட்டேங்குது. வாயிலேர்ந்து தண்ணியா ஊத்திகினே கீது. கன்னுகுட்டியக் கூட கிட்ட சேக்கல."

போய்ப் பார்த்தேன். லட்சுமி கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்த்தது. கடைவாயில் எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. கத்தியபோது அதன் குரலே இல்லை அது. கரகரவென்று, தொண்டை கட்டிய மாதிரி.

நான் யார்? கோர்ட் குமாஸ்தா. இருபது வருஷமாக வக்கீல்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எந்த விஷயமானாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். மாட்டு வைத்தியத்தில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

"மாங்கொட்டை தொண்டையில சிக்கிக்கிச்சு எத்திராஜு" என்றேன். "பார்த்தாலே தெரியுதே! கையை உள்ளே விட்டு எடுத்துடு. கொம்பை நான் பிடிச்சுக்கறேன்."

அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டார். துழாவினார். மாடு தலையை உதறியது. வெளியே வந்த கையில் எச்சில் வழிந்தது. மணிக்கட்டுக்கு மேலே பல் கீறி இரண்டு கோடு, ரத்தம் துளிர்த்திருந்தது. கொட்டை எதுவும் இல்லை.

"இன்னும் உள்ளே போயிருக்கும்" என்றேன் நான். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான், "மாட்டுக்கு டாக்டர்னு ஒருத்தர் இந்த ஊர்ல இருக்காரா இல்லையா? சைக்கிளை எடுங்க முதல்ல" என்றாள். எடுத்தேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் யூசுப்பை ஊரில் 'டாக்டர் பாய்' என்பார்கள். பழவேற்காட்டுக்காரர். வீட்டில் எல்லாரும் வியாபாரம். இவர் மட்டும் படித்துவிட்டு மாட்டுக்குப் பின்னால் வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்தப் பண்ணையில் எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்டால் ஜாதகம் மாதிரிச் சொல்வார்.

அவரும் சைக்கிளில் என் பின்னாலேயே வந்தார். தெருமுனையிலேயே இறங்கிவிட்டார். மாட்டின் கிட்டே வரவில்லை. பத்தடி தூரத்தில் நின்று, அது கத்துவதைக் கேட்டார். முகம் மாறியது.

"எல்லாரும் தள்ளிப் போங்க. மாட்டோட வாயை யாராவது தொட்டீங்களா?"

எத்திராஜு கையைத் தூக்கிக் காட்டினார்.

"உள்ளே விட்டியா?"

"ஆமா பாய். மாங்கொட்ட சிக்கிக்கிச்சின்னு நெனச்சி..."

"யாரு விடச் சொன்னது?"

எத்திராஜு என்னைப் பார்க்கக்கூட இல்லை. "யாரு சொல்லணும்? என் மாடு. நானாதான் உட்டேன்" என்றார்.

வாசகர்களே, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எல்லா விஷயத்துக்கும் அபிப்பிராயம் சொல்கிற வாய், அந்த ஒரு நிமிஷம் பூட்டிக்கொண்டது.

டாக்டர் பாய் எத்திராஜுவை எங்கள் வீட்டுக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்பைப் போட்டுக் கையைக் கழுவ வைத்தார். போதும் போதும் என்று எத்திராஜு சொல்லச் சொல்ல, கால் மணி நேரம் தண்ணீர் அடித்தது நான்தான். நடுவில் ஒரு கேள்வி: "சமீபத்துல மாட்டுக்கு எங்கேயாவது காயம் பட்டுதா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. காக்களூர் ஏரிப் பக்கம் மேய வுட்டேன். பின்னங்கால்ல சின்னதா கீறல். முள்ளுக்கம்பின்னு மஞ்சள் வெச்சேன். ஆறிப் போச்சி."

"முள்ளுக்கம்பி இல்லை எத்திராஜு. நாய்" என்றார் டாக்டர் பாய். "உன் மாட்டுக்கு வெறி நோய்."

எத்திராஜு கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார். நானும்தான். வெறி நோய் என்றால் நாய்க்கு வரும், நாய் கடித்தால் மனுஷனுக்கு வரும் — இவ்வளவுதான் என் படிப்பு. பசுவுக்கு வருமா? பசுவிடமிருந்து மனுஷனுக்கு வருமா? வந்துவிட்டால் மருந்தே கிடையாது என்பது மட்டும் எனக்கும் தெரியும். நான் பிடித்துக்கொண்ட கொம்பு, நான் சொன்ன வார்த்தை, அவர் கை...

மாட்டை நீளக் கயிற்றில், கை படாமல், மாட்டாஸ்பத்திரிக் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அங்கிருந்து நேராக மனுஷ ஆஸ்பத்திரி.

இரண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு ரோடு, ஒரு புளியமரம். அவ்வளவுதான். ஆனால் இரண்டு டாக்டர்களும் அதுவரை நேரில் பேசியதே இல்லை. பேச்சுவார்த்தை ஒரே ஒரு தடவை, அதுவும் கடிதத்தில் — மாட்டாஸ்பத்திரிக்கு வருகிற வண்டிகளை எங்கள் கேட்டில் நிறுத்துகிறார்கள், சாணியும் ஈயும் தாங்கவில்லை என்று லேடி டாக்டர் கிரேஸ் அம்மாள் எழுதிய புகார். கிரேஸ் அம்மாள் கண்டிப்புக்குப் பேர்போனவர். அவருடைய வார்டில் ஈ கூடப் பர்மிஷன் கேட்டுத்தான் உட்காரும்.

டாக்டர் பாயைப் பார்த்ததும் அவர் முதல் கேள்வி, "நீங்கதானே வண்டி மாட்டையெல்லாம் என் கேட்டுல கட்ட விடறவர்?"

"ஆமாம்மா. அதுக்கு என்னை அப்புறம் திட்டுங்க. இவருக்கு இப்பவே ஊசி ஆரம்பிக்கணும்."

"எந்த நாய் கடிச்சுது?"

"நாய் இல்லை. பசு. கடிக்கவும் இல்லை. வாய்க்குள்ள கையை விட்டிருக்கார், பல் கீறியிருக்கு."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து கையிருப்பு கொஞ்சம்தான். நாய் கடித்தவர்களுக்கென்று கணக்காக வருவது. மாட்டு எச்சில் பட்டது என்று ஒருவர் வந்து நின்றால்?

"பரிசோதனை ரிசல்ட் இருக்கா?"

"மாடு இன்னும் உயிரோட இருக்கு. மூணு நாள் தாங்காது. செத்தப்புறம் மூளையை எடுத்து அனுப்பி, பதில் வர ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை இவர் கையில நாம கொடுக்க முடியாதும்மா."

"எவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

டாக்டர் பாய் எத்திராஜுவின் கையைக் காட்டினார். "என் கை அந்த வாய்க்குள்ள போயிருந்தா, இப்ப நான்தான் உங்க முன்னாடி சட்டையைத் தூக்கிக்கிட்டு நிப்பேன்."

அம்மாள் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னது ஒரே வார்த்தை. "படுக்கச் சொல்லுங்க."

நான் எத்தனையோ தீர்ப்புகளைக் கேட்டவன். சாட்சி, தஸ்தாவேஜு, வாய்தா, மறு வாய்தா... வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரின் வார்த்தையை நம்பி அரை நிமிஷத்தில் தீர்ப்புச் சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மாட்டு டாக்டர்தானே என்று அந்த அம்மாள் ஒரு துளி கூட நினைக்கவில்லை. எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

அதற்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. லட்சுமியின் பால் போகாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. சாயங்காலம் மொத்தத் தெருவும் ஆஸ்பத்திரி வாசலில்! "எங்களுக்கும் ஊசி போடு" என்று ஒரே கூச்சல். அத்தனை பேருக்கும் போட்டால், கையில் காயத்தோடு இருக்கிறவருக்கு நாலாம் நாள் மருந்து இருக்காது.

இரண்டு டாக்டர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? வாசல் வாசலாக நடந்தார்கள். சேர்ந்து. டாக்டர் பாய் ஒரு கேள்வி கேட்பார்: "மாட்டு வாயை, எச்சிலைத் தொட்டீங்களா?" அம்மாள் ஒரு கேள்வி கேட்பார்: "பாலைக் காய்ச்சினீங்களா?" அப்புறம் எல்லார் கையையும், என் கையையும் சேர்த்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கொதித்த பாலில் ஒன்றும் இருக்காது, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று வீட்டுக்கு வீடு சொன்னார். அவர் சொன்னதை மாடு வைத்திருக்கிறவர்கள் நம்பாமல் டாக்டர் பாய் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால் நம்புவார்கள். டாக்டர் பாய் சொன்னதைப் படித்தவர்கள் நம்பாமல் அம்மாள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் தனியாக வந்திருந்தால் எங்கள் தெருவைச் சமாளித்திருக்கவே முடியாது.

எங்கள் எதிர்வீட்டு ரிட்டயர்டு ஓவர்சியரை மட்டும் நிறுத்தினார்கள். மனுஷர் கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பவர். காபி குடிக்கிற எங்களையெல்லாம் பார்த்து, "அதனாலதான் உங்களுக்கெல்லாம் தெம்பு இல்லை" என்பார். அவருக்கும் ஊசி, ஒரு முன்ஜாக்கிரதைக்கு. அன்றிலிருந்து அவர் வீட்டிலும் காபிதான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் எத்திராஜு ஒழுங்காக ஊசிக்கு வந்தார். புதன்கிழமை விடியற்காலையே லட்சுமி செத்துப்போயிற்று. தலைப் பக்கம் டாக்டர் பாய் தனியாக வேலை செய்தார். உதவிக்கு வந்தவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. மூளையை எடுத்துக் கிளிசரின் ஜாடியில் போட்டு, சீல் வைத்து, மெயில் ரயிலில் மலைமேல் இருக்கிற பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார். மாட்டை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். தோலை உரிக்க விடவில்லை.

வியாழக்கிழமை எத்திராஜு வரவில்லை.

கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தேன். பெஞ்ச் காலி. வீடு பூட்டியிருக்கிறது என்றார்கள். கன்றும் இல்லை. எனக்கு அன்று எந்தக் கேஸ் நம்பரும் கண்ணில் படவில்லை. மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அம்மாளிடம் கேட்டேன். "ஆளைக் கண்டுபிடிங்க" என்றார்.

வீட்டில் நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். "கொம்பைப் பிடிச்சது நீங்க. போய்த் தேடறதும் நீங்கதான்" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றி எப்போதும் பேசியதில்லை. பேசியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அவருடைய அக்காவைக் கவரைப்பேட்டையில் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். டாக்டர் பாய், "நானும் வரேன். நீங்க போனா கோர்ட்லேர்ந்து ஆள் வந்திருக்குன்னு ஓடிடுவாரு" என்றார். விடிந்ததும் கிளம்பி, பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறிப் போனோம்.

ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய வீடு. வாசலில் கன்றுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார் எத்திராஜு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஓடவில்லை. கண் சிவந்திருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் பாய் என் கையைத் தொட்டு நிறுத்தினார். நேராகப் போய்க் கன்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கண்ணைப் பார்த்தார், காதைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் எத்திராஜுவே ஆரம்பித்தார்.

"நாயின்னு எழுதிட்டாங்கோ பாய்."

"யாரை?"

"என் லட்சுமிய. ஆஸ்பத்திரி நோட்டுல. அந்தக் கம்பவுண்டரு எல்லாரும் கேக்கறா மாதிரி படிக்கறான் — எத்திராஜு, நாய்க்கடி, வளர்ப்பு நாய், நெறம் செவலை. செத்துக் கெடக்குது அது. அன்னைக்குப் போயி அத்த நாயின்றான். ஒம்போது ஊட்டுக்குப் பால் குடுத்த மாடு பாய் அது! என்னை அது கடிக்கல. என் கைய நானே உட்டேன்."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

கம்பவுண்டர் மேல் தப்பில்லை. ரிஜிஸ்தரில் அச்சடித்த கட்டம் அப்படி. 'கடித்த நாய்: தெரு நாயா, வளர்ப்பு நாயா, நிறம்.' பசுவுக்குக் கட்டம் கிடையாது. அவர் இருக்கிற கட்டத்தை நிரப்பினார். நானும் இருபது வருஷமாக அதே வேலையைத்தான் செய்கிறேன். கட்டத்துக்குள் அடங்காத ஒரு மனுஷனின் துக்கம் எங்கள் அச்சடித்த பாரத்தில் எங்கே ஏறும்? ஆனால், ஒரு மனுஷன் தன் உயிரைவிடத் தன் மாட்டின் பேர் பெரிசு என்று ஊரை விட்டே போவான் என்பதை எந்த ஆபீஸ் எதிர்பார்க்கும், சொல்லுங்கள்?

டாக்டர் பாய் அவரைச் சமாதானம் செய்யவில்லை. சட்டையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "என் புஸ்தகத்துல பசுன்னுதான் எழுதியிருக்கேன் எத்திராஜு. செவலைப் பசு, பேரு லட்சுமி. வந்து பாரு. அது கிடக்கட்டும். இந்தக் கன்னை அது நக்கியிருக்கா?"

"நக்காத இருக்குமா? தாயி ஆச்சே."

"அப்ப இதை இங்கே வச்சிருக்கக் கூடாது. உங்க அக்கா பிள்ளைங்க தொடும். என் கொட்டகையில கட்டி வச்சு தினமும் பார்க்கணும். நான் புட்டி பிடிச்சா இது குடிக்காது. தினம் காலையில நீ வந்து குடுக்கறியா?"

எத்திராஜு கன்றைப் பார்த்தார். "நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?"

ஊசி என்ற வார்த்தை வரவே இல்லை, கவனித்தீர்களா?

பஸ்ஸில் கன்றை ஏற்ற முடியுமா? விறகு ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் போகிற லாரி ஒன்று கிடைத்தது. டாக்டர் பாய் டிரைவர் பக்கத்தில். நானும் எத்திராஜுவும் விறகின் மேல், நடுவில் கன்று. வழியெல்லாம் நான் பேச நினைத்தேன். தைரியம் வரவில்லை. பெரியபாளையத்தில் லாரி நின்றதும் டாக்டர் பாய் தபாலாபீஸ் பக்கம் போனார்; எத்திராஜுதான் எனக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்தார்.

மாட்டாஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். உள்ளே பெஞ்சில், புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கிரேஸ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலடியில் சாணி. தலைக்கு மேல் ஈ. மடியில் ஊசிப் பெட்டி. டாக்டர் பாய் பெரியபாளையத்தில் தபாலாபீஸ் பக்கம் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நோட்டில் நாய் என்று எழுதிய விஷயத்தைச் சொல்லித் தந்தி கொடுத்திருக்கிறார்.

எத்திராஜு தயங்கி நின்றார். அம்மாள் அவரை ஊசிக்குக் கூப்பிடவில்லை. பெட்டியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. தன் கையெழுத்தில் தலைப்பு: 'நோய் தந்த பிராணி.'

"பேரு சொல்லுங்க."

"எத்திராஜு."

"உங்க பேரு எனக்குத் தெரியும். மாட்டுப் பேரு."

"...லட்சுமி."

அவர் எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "பசு. செவலை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெயர் லட்சுமி. கடிக்கவில்லை."

எத்திராஜு பெஞ்சில் ஏறிப் படுத்தார்.

அதற்கப்புறம் தினமும் அங்கேதான். காலையில் அவர் கன்றுக்குப் பால் கொடுக்க வருவார். ரோட்டைத் தாண்டி அம்மாள் ஊசியோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வழியில்கூட வந்தார். ஜாடி அனுப்பிய ஏழாம் நாள் பரிசோதனைச் சாலையிலிருந்து தந்தி வந்தது. டாக்டர் பாய் சொன்னது சரி. வெறி நோய்தான். அம்மாள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "எனக்கு இது முதல் நாளே வந்துடுச்சு" என்றார். டாக்டர் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அடக்கமான மனுஷருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. போதும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் எத்திராஜு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த மருந்த எதுலம்மா செய்யறாங்கோ? இன்னாமா எரியுது!" என்றார்.

"ஆட்டு மூளையில."

"ஆட்டுலயா?"

"ஆமாம். ஆடு இல்லாம எனக்கு வைத்தியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அம்மாள் டாக்டர் பாயைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாண்டுத் திட்டம் போடுகிறவர்கள் மனுஷ சுகாதாரத்துக்கு ஓர் இலாகா, கால்நடைக்கு ஓர் இலாகா என்று தனித்தனியாகப் போடட்டும். ஆபீஸ் நடக்க வேண்டுமே! ஆனால் நோய் இலாகா பார்த்து வருகிறதா? ஏரிக்கரையில் நாயிடமிருந்து மாட்டுக்கு வந்தது, மாட்டிடமிருந்து மனுஷன் கைக்கு வந்தது. எந்த ஆபீஸிலும் அது மனுப் போடவில்லை. அது போன வழியிலேயே அதைத் துரத்திக்கொண்டு போக இரண்டு பேர் எங்கள் ஊரில் இருந்தார்கள். நடுவில் இருந்த ரோட்டைத் தாண்டினார்கள். செலவு ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல்.

திங்கட்கிழமை பதினான்காவது ஊசி போட்டுப் பஞ்சை வைத்துத் தேய்த்ததும் அம்மாள் சொன்னார்: "இன்னும் சில மாசம் ஜாக்கிரதையா இருக்கணும். என்ன சந்தேகம்னாலும் உடனே வாங்க." கன்றுக்கும் டாக்டர் பாய் அதையே சொன்னார். இதுவரை இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். கன்று என் சட்டை நுனியைத் தின்னப் பார்த்தது.

அப்போதுதான் சொன்னேன். எல்லார் முன்னாலும். "டாக்டர், கையை விடச் சொன்னது நான். கொம்பைப் பிடிச்சுக்கிட்டதும் நான்."

டாக்டர் பாய் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சார். முதல் நாள் கால் மணி நேரம் குழாய் அடிச்சீங்களே... சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர் அப்படி அடிக்கமாட்டார்" என்றார்.

நான் எத்திராஜுவைப் பார்த்தேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னீங்க, நான் உட்டேன். நீங்க சொல்லாங்காட்டியும் உட்டிருப்பேன் சாரு. மூச்சு முட்டிகினு நிக்கறப்ப யாரால பாத்துகினு இருக்க முடியும்? பேஜாரு புடிச்ச விசயத்த வுடுங்க. வேற மாடு பாக்கணும், கூட வறீங்களா?"

போகப்போகிறேன். ஆனால் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். இனிமேல் யார் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் — டாக்டர் இருக்குமிடத்துக்கு வழி சொல்வது. புளியமரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்... இரண்டு பேரையும் பார்த்துவிடுங்கள்!